தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிய சோப்பு

1. போன்

அன்று செவ்வாய்க்கிழமை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் துறைமுக கேட் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. என் டூவீலர் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மணி ஏழேகால். ஏழு மணிக்கே நான் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் டில்லி போன் செய்தான்.

"மாமு, எங்க கீற?"

"டோல்கேட்டாண்ட."

"ரெண்டாம் நம்பரு சோப்பு இறுகிகினே போவுது மாமு. ஸ்டீம் வுட்டா பொத்துகினு மேல அடிக்குது. கலங்க மாட்டேன்னுது. இன்னா பண்றது?"

"தண்ணி வுடு."

"எவ்ளோ?"

"நான் வர்ற வரைக்கும் வுடு."

அரை நிமிடப் பேச்சு. போனைப் பையில் போட்டேன். வரிசை நகர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் டில்லி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

திருவொற்றியூரில் ஒரு துணி சோப்பு கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக வேலை செய்கிறேன். பெயர் சேகர். படிப்பு ஆறாவது வரை. எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. பான் ரூம்

சோப்பு காய்ச்சும் பெரிய இரும்புத் தொட்டிக்கு பான் என்று பெயர். எங்களிடம் மூன்று பான்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் ஆழம், அடி கூம்பு. கூம்பின் முனையில் ஒரு வால்வு. உள்ளே சுருள் குழாயாக இரண்டு காயில். ஓபன் காயிலில் ஓட்டை இருக்கும், அதன் வழியாக ஸ்டீம் சோப்புக்குள் பாய்ந்து கலக்கும். குளோஸ் காயில் சூடு மட்டும் கொடுக்கும்.

எண்ணெய் ஆசிடும் காஸ்டிக் சோடாவும் போட்டுக் காய்ச்சினால் சோப்பு. அதில் உப்பு போட்டால் சோப்பு ரவை ரவையாகத் திரிந்து மேலே வரும். உப்புத் தண்ணீர் அழுக்கோடு கீழே போகும். அதை அடி வால்வில் இறக்கிவிடுவோம். பிறகு ரவையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டி வேகவைக்க வேண்டும். ரவை ஒன்றோடொன்று சேர்ந்து, வழவழப்பாக வரும்போது நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்கு பிட் என்று பெயர். பிட் சரியாக வந்தால் ஸ்டீமை மூடி, பானை மூடி, மூன்று நாள் விடுவோம். சோப்பு இரண்டாகப் பிரியும். மேலே நல்ல சோப்பு. கீழே கறுப்பாக, தண்ணீர் அதிகமான சோப்பு. இவற்றை மேல்சோப்பு, அடிசோப்பு என்போம். மேல்சோப்பு மெஷினுக்குப் போகும். அடிசோப்பு அடுத்த காய்ச்சலுக்குப் போகும்.

பிட் வந்ததா என்று பார்க்க மீட்டர் கிடையாது. கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு கரணை. சூடான கரணையில் சோப்பை அள்ளிச் சாய்க்க வேண்டும். சோப்பு தகடாகச் சறுக்கி விழுந்து, கரணை பளிச்சென்று தெரிந்தால் பிட். எங்கள் பான் ரூமில் அந்தக் கரணை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் பேச்சு. பத்தொன்பது வருடமாக அது என் கையில் இருந்தது.

சோப்பு இறுகுவது இரண்டு விதம். தண்ணீர் போதாமல் ரவையாக இறுகும். அதற்குத் தண்ணீர் மருந்து. உப்பு போதாத இடத்தில் தண்ணீர் ஏறினால் ரப்பராக இறுகும். அதற்கு உப்பு மருந்து. ரவையா ரப்பரா என்று கரணையில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். போனில் தெரியாது. டில்லியிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டிருக்க வேண்டும்: கரணையில் எப்படி இருக்கிறது? கேட்கவில்லை. ரவை இறுக்கத்தை மாதம் ஒருமுறை பார்ப்பேன். ரப்பர் இறுக்கத்தை அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன், அதுவும் அடுத்தவர் பானில். அதனால் தண்ணீர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய நாள் லேப் கெமிஸ்ட் ஷகிலா மேடம் பான் ரூமுக்கே வந்து சொல்லியிருந்தார்.

"சேகர் அண்ணே, இந்த டேங்கர்ல பாம் கெர்னல் ஜாஸ்தி. தேங்கா எண்ணெய் ஜாதி. வழக்கமா போடற உப்பு இதுக்குப் பத்தாது."

"பாத்துக்கலாம் மேடம்," என்றேன். வழக்கமான உப்பைத்தான் போட்டேன்.

3. யார் ஊற்றியது

நான் போய்ச் சேர்ந்தபோது பானில் இருந்து சத்தம் வரவில்லை. வேகும் பான் எப்போதும் சத்தம் போடும். இது சும்மா இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஸ்டீம் துளை போட்டுக்கொண்டு சீறியது. டில்லி ஹோஸைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றான். சட்டையில் சோப்பு தெறித்திருந்தது. முழங்கையில் ஒரு கொப்புளம்.

கரணையை விட்டேன். உள்ளே போகவில்லை. அழுத்தி எடுத்தபோது கண்ணாடி மாதிரி ஒரு துண்டு பிய்ந்து வந்தது. தலைகீழாகப் பிடித்தேன். விழவில்லை.

"தண்ணிய நிறுத்து," என்றேன்.

டில்லி நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான்.

"இது ரவை இல்லியா மாமு?"

"இல்ல."

 ஓபன் ஸ்டீமை மூடினேன். குளோஸ் காயிலைத் திறந்தே வைத்தேன். ஆறிவிட்டால் பான் முழுக்க ஒரே கட்டியாகிவிடும். பிறகு கடப்பாரைதான்.

பேக்கிங் செக்ஷன் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "சோப்பு கம்பெனின்னு சொல்லி வேலைக்கு இட்டாந்தாங்க. இங்க இன்னாடான்னா அல்வா கிண்டிகினு கீறாங்க."

"துண்டு போட்டுத் தரவா?" என்றான் டில்லி. அவனுக்கு அந்த நேரத்திலும் பதில் வந்தது.

எட்டரைக்கு முதலாளி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாங்கள் அண்ணாச்சி என்போம். மேடை ஏறினார். பக்கத்தில் கிடந்த துடுப்பைப் பானில் ஊன்றினார். துடுப்பு நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது.

"என்னவே இது? சோப்பா, ரோடா?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரு தண்ணி ஊத்துனது? கேக்குதேன்லா."

டில்லி என்னைப் பார்க்கவில்லை. நேராக அண்ணாச்சியைப் பார்த்தான்.

"நான்தான் அண்ணாச்சி."

"யாரைக் கேட்டு ஊத்துன?"

"இறுகிச்சு. ஊத்துனேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டடி தூரம். முதலில் பான், பிறகு மற்றது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தினால் மறந்துவிடுவார். மெதுவாகப் பேசினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

"பான் தெளியுதோ தெளியலையோ, டில்லி சனிக்கெழமையோட நிக்கட்டும். இப்ப என்ன செய்யணுமோ செய்ங்க."

டில்லிக்கு நாற்பத்திரண்டு வயது. கப்பலில் கன்டெய்னர் கட்டும் வேலை செய்தவன். அதில் இடுப்பு போய்த்தான் எங்களிடம் வந்தான். ஒன்பது வருடம் கான்ட்ராக்ட். அந்தப் பொங்கலுக்குத்தான் பெர்மனென்ட் ஆனான். இங்கிருந்து அனுப்பினால் அவன் போகக்கூடிய இடம் மறுபடியும் அந்தக் கப்பல்தான்.

4. முக்கோணம்

ஷகிலா மேடம் ஒரு துண்டைக் கையுறையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். "நான் நேத்தே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு முக்கோணம் போட்டார். ஒரு மூலையில் சோப்பு, ஒரு மூலையில் தண்ணீர், ஒரு மூலையில் உப்பு என்று எழுதினார்.

"பான்ல என்ன கலவை இருந்தாலும் இதுக்குள்ள ஒரு புள்ளிதான் அண்ணே. சோப்பு அதிகமா இருந்தா இந்த மூலை பக்கம். தண்ணி அதிகமா இருந்தா அந்த மூலை பக்கம். காலையில நீங்க இங்க இருந்தீங்க." ஒரு புள்ளி வைத்தார். "டில்லி தண்ணி விட்டாரு. புள்ளி தண்ணி மூலைய பாத்து நேர்கோட்டுல போகும். எங்க போய் விழுந்துச்சு பாருங்க."

தண்ணீர் மூலைக்குப் போகும் வழியில் ஒரு திட்டு வரைந்து நிழல் அடித்தார். புள்ளி அதற்குள் இருந்தது.

"இதான் உங்க ரப்பர்."

டில்லி குனிந்து பார்த்தான். "தண்ணி வுட்டா இளகணும் மேடம். அதான ஞாயம்? இன்னா சோப்பு இது, எதுக்கெடுத்தாலும் எதிரா போவுது?"

"மேல்சோப்புல சோப்பு தகடு தகடா அடுக்கியிருக்கும். நடுநடுவுல தண்ணி. தகடு மேல தகடு சறுக்கும். அதனால பம்ப் பண்ண முடியுது. இன்னும் தண்ணி ஏறினா தகடு உருண்டு கம்பி கம்பியா ஆயிடும். கம்பிங்க கட்டு கட்டா நெருங்கி நிக்கும். எந்தப் பக்கமும் சறுக்காது."

எனக்கு அது உடனே புரிந்தது. காலையில் என் இரண்டு பக்கமும் நின்ற டிரெய்லர்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றில் தகடு ஏற்றியிருந்தார்கள். சறுக்காமல் இருக்க நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னொன்றில் கம்பிக் கட்டு. அதற்கு முட்டே தேவைப்படவில்லை.

"இன்னும் தண்ணி வுட்டா?" என்றேன்.

"இந்தத் திட்டைத் தாண்டினா கரைஞ்சிடும். ஆனா அவ்ளோ தண்ணிக்கு பான்ல இடம் இல்ல. அதனால தண்ணி மூலைய மறந்துடுங்க. உப்பு மூலைய பாத்துப் போகணும்." புள்ளியிலிருந்து உப்பு மூலை பக்கம் ஒரு சின்னக் கோடு இழுத்தார். "இங்க வந்து நிக்கணும். இங்கதான் மேல்சோப்பும் அடிசோப்பும் ரெண்டா பிரியற இடம். கொஞ்சம் தாண்டிட்டா இதோ, இந்தக் குட்டி முக்கோணம். அங்க போனா மூணா பிரியும். மேல்சோப்பு, அடிசோப்பு, அதுக்கும் கீழ உப்புத் தண்ணி."

அந்தக் குட்டி முக்கோணத்தைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. அதற்குள் இருக்கும் வரை உப்பு போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் அந்த மூன்று அடுக்கின் குணமும் மாறாது. எந்த அடுக்கு எவ்வளவு என்பது மட்டும்தான் மாறும்.

"மேடம்," என்றேன், "அப்ப மீட்டர் நகராதா?"

"எந்த மீட்டர்?"

முன்பு ஒரு வருடம் காய்ச்சலுக்குக் காய்ச்சல் அடிசோப்பின் கீழே உப்புத் தண்ணீர் நின்றது. நான் உப்பு போடுவேன், அடி வால்வில் தண்ணீர் பிடித்துக் கனம் பார்க்கும் மீட்டரை விடுவேன். அதே அளவு காட்டும். மறுபடி உப்பு போடுவேன். அதே அளவு. மீட்டர் கெட்டுவிட்டது என்று அண்ணாச்சியிடம் சண்டை போட்டுப் புதுசு வாங்க வைத்தேன். புதுசும் அதையே காட்டியது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஷகிலா மேடம் சிரித்துவிட்டார். "ரெண்டு மீட்டரும் நல்ல மீட்டர் அண்ணே. கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனா பெருசா நகராது. நீங்க இந்த முக்கோணத்துக்குள்ள நின்னிருக்கீங்க."

"மீட்டருகாரன் பாவம்," என்றான் டில்லி. "மாமு அவன இன்னா பேச்சு பேசிச்சு."

5. நாலு வாளி

எவ்வளவு உப்பு என்பதுதான் அடுத்த கேள்வி. குறைந்தால் ரப்பர் விடாது. அதிகமானால் மறுபடி ரவை.

பானில் சோதனை செய்ய முடியாது, தவறினால் மொத்தமும் போய்விடும். அதனால் நாலு வாளி எடுத்தோம். டில்லி மண்வெட்டியால் வெட்டி ஒவ்வொன்றிலும் பத்து கிலோ ரப்பரைப் போட்டான். வாளிகளை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினோம். உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரைக் காய்ச்சி, முதல் வாளிக்கு ஒரு மக், இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று, நாலாவதுக்கு நாலு என்று ஊற்றினேன். கட்டையால் கிண்டினோம். கை விட்டுப்போனது.

முதல் வாளி அசையவில்லை. இரண்டாவது ஓரத்தில் மட்டும் இளகியது. மூன்றாவதைக் கரணையில் அள்ளிச் சாய்த்தேன். தகடாகச் சறுக்கியது. நாலாவதில் கரணையில் சோப்போடு தண்ணீர் வடிந்தது.

"மூணு," என்றேன்.

"ரெண்டேமுக்கால்," என்றார் ஷகிலா மேடம். "தாண்டிடாம இருக்கணும்."

ஆழம் பார்க்கும் டிப் ராடு விட்டு, பானில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அவர் கணக்குப் போட்டார். பிறகு முக்கோணத்தில் புது இடத்தில் புள்ளி வைத்து, அதன் வழியாக ஒரு கோடு இழுத்தார். கோட்டின் ஒரு முனை மேல்சோப்பு, மறுமுனை அடிசோப்பு. புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தார்.

"தராசு மாதிரி அண்ணே. புள்ளி எந்த முனைக்குக் கிட்ட இருக்கோ அந்த அடுக்கு ஜாஸ்தி. வழக்கத்தைவிட உங்க புள்ளி அடிசோப்பு பக்கம் போயிருக்கு, தண்ணி அவ்ளோ ஏறிடுச்சு. மேல்சோப்பு ஏழு அடி இருக்கும். நல்ல சோப்பாதான் இருக்கும். ஆனா ஏழு அடிதான்."

எங்களுக்கு வழக்கமாக ஒன்பது வரும். டிப் ராடில் ஏழாவது அடியில் சாக்பீஸால் கோடு போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். தாளில் இழுத்த ஒரு கோடு பானுக்குள் நடப்பதைச் சொல்லும் என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

6. கீழேயிருந்து

உப்புத் தண்ணீரை மேலே ஊற்றினோம். அது ரப்பர் மேல் குளமாக நின்றது. உள்ளே இறங்கவில்லை. ஓபன் ஸ்டீமைக் கொஞ்சம் திறந்ததும் ஒரு துளை போட்டு அதன் வழியாக மட்டும் பீறிட்டது. சுற்றிலும் இருந்தது அசையவில்லை.

டில்லி கீழே போனான். கூம்பைச் சுற்றி வந்தான். அடி வால்வைக் காலால் தட்டினான்.

"மாமு, இதுவழியா எறக்கறம்ல? இதுவழியா ஏத்தினா?"

உப்புத் தண்ணீரை இறக்கும் பம்பைத் திருப்பி மாட்டச் சொல்கிறான். முப்பத்தோரு வருடத்தில் அந்த வால்வு வழியாக எதுவும் மேலே போனதில்லை. ஷகிலா மேடத்தைப் பார்த்தேன்.

"போகும்," என்றார். "கூம்புல சூடு அதிகம். அங்க இளகினா காயில் விடுபடும். காயில் விடுபட்டா ஸ்டீம் கலக்கிடும். ஆனா மேல யாரும் நிக்காதீங்க."

மேலே குளமாக நின்ற தண்ணீரை மக் மக்காக அளந்து எடுத்தோம். பம்பைத் திருப்பி மாட்ட ஒரு மணி நேரம். கொதிக்கும் உப்புத் தண்ணீரைக் கீழேயிருந்து ஏற்றினோம். முதலில் பம்ப் முனகியது, பைப் உதறியது. ஒன்றும் நடக்கவில்லை. டில்லி வால்வு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். எங்கேயாவது பிய்த்துக்கொண்டால் உடனே மூட வேண்டும்.

"வாங்குது மாமு," என்றான். "கொஞ்சங் கொஞ்சமா வாங்குது."

நான் தள்ளி நின்று ஸ்டீம் வால்வைக் கால் திருப்பு திறந்தேன். அடியில் தொம் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அண்ணாச்சி ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். பானின் நடுவில் ஒரு கட்டி மேலே எழுந்து, பிளந்து, உள்ளே போனது. நட்டு வைத்திருந்த துடுப்பு ஆடியது. சாய்ந்தது. பக்கத்தில் விழுந்து மிதந்தது.

பான் சத்தம் போடத் தொடங்கியது.

மூன்று மணிக்குக் கரணை விட்டேன்.  சாய்த்தேன். சோப்பு தகடாகச் சறுக்கியது. கரணை பளிச்சென்று தெரிந்தது. ஷகிலா மேடமும் பார்த்தார். ஸ்டீமை மூடினோம். பானை மூடிச் சாக்கு போர்த்தினோம்.

அண்ணாச்சி உள்ளே போனார். சனிக்கிழமையை அவர் மாற்றவில்லை.

7. மூன்று நாள்

தெளிய விட்ட பானைத் தொடக்கூடாது. ஸ்டீம் கொடுக்கக்கூடாது, கலக்கக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது. மூன்று நாள் பொறுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் நான் வேறு பானில் வேலை செய்தேன். டில்லியும் செய்தான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடினேன்.

"அண்ணாச்சியாண்ட சொல்லிட்றேன்," என்றேன்.

"இன்னான்னு?"

"நான்தான் தண்ணி வுடச் சொன்னேன்னு."

டில்லி சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். "சொல்லாத மாமு. உன்னையும் சேர்த்து அனுப்பிட்டா இந்தப் பான யாரு பாப்பா? நான் கெளம்பறேன். கப்பல் கீது, கயிறு கீது. இடுப்பு ஒண்ணுதான் பேஜாரு."

டிபன் பாக்ஸை மறுபடி திறந்தேன்.

"ஆனா ஒண்ணு," என்றான். "நான் எதுக்கு உனக்கு போன் பண்ணேன்? எனக்கு அது இன்னான்னு தெரியல. அதான் பண்ணேன். நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கரணையில எப்டி கீது டில்லின்னு. நான் சொல்லியிருப்பேன்ல? ஒட்டிகினு கீது, கண்ணாடி கணக்கா கீதுன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. ஊறுகாய் கேட்பது போலச் சொன்னான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

அன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. ஆபீஸ் வாசல் வரை இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே வேறு ஆள் இருந்தார். இரண்டாவது முறை யாரும் இல்லை. திரும்பி வந்தேன். எனக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருடம்தான் இருந்தது. இதைத் தவிர வேறு வேலை தெரியாது. கரணை கையில் இல்லாமல் அந்த ரூமில் நான் யார் என்றும் தெரியாது. காரணம் அதுதான்.

8. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் சாக்கை எடுத்தோம். அண்ணாச்சி மேடையில் நின்றார். மேலே மெல்லிய ஆடை. அதை ஒதுக்கினேன். கீழே மேல்சோப்பு தேன் நிறத்தில் இருந்தது. டிப் ராடை இறக்கினேன். மேல்சோப்பில் ராடு வழுக்கிக்கொண்டு போகும். அடிசோப்பைத் தொட்டதும் கைக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் பிடித்து மேலே எடுத்தேன்.

சாக்பீஸ் கோட்டுக்கும் என் விரலுக்கும் நடுவே இரண்டு விரல்கடை வித்தியாசம்.

ஷகிலா மேடம் ராடைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.  அந்தத் தாளை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல சோப்பாவே?" என்றார் அண்ணாச்சி.

"நல்ல சோப்புதான் சார்," என்றார் மேடம். "அளவுதான் குறைவு. அடிசோப்பு எங்கயும் போகல, அடுத்த காய்ச்சல்ல வந்துடும்."

"சரி. டில்லி, நாளைக்கு ஆபீஸுக்கு வா. கையெழுத்து போடணும்."

டில்லி தலையை ஆட்டினான். ராடை என்னிடமிருந்து வாங்கித் துடைக்கத் தொடங்கினான். போகிறவன் ராடை எதற்குத் துடைக்க வேண்டும்?

"அண்ணாச்சி," என்றேன். "தண்ணி வுடச் சொன்னது நான்."

அண்ணாச்சி திரும்பினார்.

"போன்ல கேட்டான். கரணையப் பாக்காம சொன்னேன். உப்பு பத்தாதுன்னு மேடம் மொத நாளே சொன்னாங்க. அதையும் கேக்கல."

பம்ப் ரூமில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் அண்ணாச்சி கேட்டார்.

"மூணு நாளா வாயில என்ன வச்சிருந்த?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஏ டில்லி, இவன் சொல்லுதது நெசமா?"

"மாமு ரோட்டுல கீறப்போ நான் போன் பண்ணதுதான் தப்பு அண்ணாச்சி."

"நான் என்ன கேக்குதேன், நீ என்ன சொல்லுத? நெசமா, இல்லையா?"

"நெசந்தான்."

அண்ணாச்சி பானைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கரணை அதில்தான் இருந்தது.

"தெரியாததைக் கேட்டுச் செஞ்சவன வெளிய அனுப்ப இருந்தேன். பாக்காம சொன்னவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்திருக்கான்." நிறுத்தினார். "உன்னைய அனுப்ப மாட்டேன். கரணைய மட்டும் அவன்கிட்ட குடு."

டில்லி பின்னால் நகர்ந்தான். "அண்ணாச்சி, மாமு இருக்கறப்போ நான் எப்டி..."

"மாமனும் மருமவனும் கேட்டுக்கு வெளிய வச்சிக்கிடுங்க. உள்ள சோலியப் பாருங்க."

கரணையின் கைப்பிடி உடைந்து, நானே கம்பி சுற்றி வைத்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் என் விரலுக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. கொடுத்தேன். டில்லி அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

9. இப்போது

இப்போது நான் அடி வால்வு பார்க்கிறேன். டில்லி மேலேயிருந்து "எறக்கு" என்றால் திறப்பேன். "போதும்" என்றால் மூடுவேன். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. புது லோடு வந்தால் டில்லி முதலில் லேபுக்குப் போய் ஷகிலா மேடத்திடம் கேட்டுவிட்டு வருகிறான். அந்த முக்கோணத்தைப் பெரிதாக வரைந்து பான் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ரப்பர் திட்டுக்குச் சிவப்பு அடித்திருக்கிறது. யாரோ அதற்குப் பக்கத்தில் பேனாவால் 'அல்வா' என்று எழுதியிருக்கிறார்கள். பேக்கிங் பெண்கள்தான் இருக்கும்.

போன வாரம் காலையில் மூன்றாம் நம்பர் பான் பிட்டில் இருந்தது. டில்லி இன்னும் வரவில்லை. நான் மட்டும்தான். பான் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மேடை ஏறிப் பார்த்தேன். இறுகிக்கொண்டிருந்தது. ரவை மாதிரிதான் தெரிந்தது. தண்ணீர் ஹோஸ் பக்கத்திலேயே இருந்தது. போன் செய்தேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"டோல்கேட்டாண்ட கீறேன் மாமு. டிரெய்லருங்க நவுரல."

"மூணாம் நம்பரு இறுகுது. ரவை மாதிரி கீது. தண்ணி வுடட்டா?"



"நான் வந்து கரணையப் பாக்காம ஒண்ணியும் சொல்ல மாட்டேன் மாமு. ஓபன் ஸ்டீம மூடு. குளோஸ வுட்டு வை. டீ குடி. வந்துகினே கீறேன்."

ஸ்டீமை மூடினேன். ஹோஸைச் சுற்றி ஆணியில் மாட்டினேன். டீ குடித்தேன்.

இருபது நிமிடம் கழித்து டில்லி வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மேடை ஏறி, கரணையைச் சூடாக்கி, அள்ளி, சாய்த்தான். ரவைதான்.

"தண்ணி வுடு மாமு," என்றான்.

விட்டேன்.